முன்சக்கரத்துச் சத்தம்

ஜூலை 2, செவ்வாய்

காரில் ஒரு சத்தம் வருகிறது. காலையில் கல்லூரிக்குப் போகும்போதுதான் முதலில் கேட்டேன். சித்தோடு தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து, காதோரம் கொசு நின்றாற்போல மெல்லியதாக ஒரு ரீங்காரம். நாற்பத்து மூன்று கிலோமீட்டர் வேகத்தில் தொடங்குகிறது. அறுபதில் நன்றாகக் கேட்கிறது. எழுபதுக்கு மேல் காற்றிரைச்சலில் அமுங்கிவிடுகிறது. மூன்று முறை சரிபார்த்தேன். இயற்பியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக மாணவிகளை மூன்று முறை அளவெடுக்கச் சொல்லிச் சொல்லி எனக்கே அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

மாலையில் உழவர் சந்தைக்கு என் வீட்டுக்காரர் ஓட்டினார். சத்தம் வந்தபோது, “கேக்குதுங்களா?” என்றேன். பதில் இல்லை. தோளைத் தொட்டு மறுபடி கேட்டேன்.

“என்ன சத்தம்? டயர் சத்தம். ரோடு அந்த லட்சணம்.”

இருபத்தாறு வருடம் ரயில் ஓட்டுகிற மனிதர். சக்கரத்தைப் பற்றி அவரிடம் நான் என்ன வாதாடுவது? கோவைக்காய் ஒரு கிலோ, சின்ன வெங்காயம் இரண்டு கிலோ.

ஜூலை 5, வெள்ளி

சத்தம் இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

திண்டல் முருகன் கோயிலுக்குப் போனோம். அவர் ஓட்ட, நான் இடப்பக்கம் உட்கார்ந்து சிக்னல் சொன்னேன். இது எங்கள் வீட்டு வழக்கம். ரயில் இஞ்சினில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். உதவியாளர் சிக்னலைப் பார்த்து நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் கையை நீட்டி அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். நான் தப்பாகச் சொன்னால் நடுரோடு என்றும் பார்க்காமல் திட்டுவார். “கண்ணு பாத்ததும் காது கேட்டதும் ஒத்துப்போவணும். ஒத்துப்போவலீன்னா வண்டிய நிறுத்தணும்” என்பார். மகள் இந்து சின்னப் பெண்ணாக இருந்தபோது பின்சீட்டிலிருந்து அவளும் கத்துவாள். இன்றும் “பச்சை” என்றேன். “பச்சை” என்று கையை நீட்டினார்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். ஒன்று கண்டுபிடித்தேன். வண்டி இடப்பக்கம் வளையும்போது சத்தம் கூடுகிறது. வலப்பக்கம் வளையும்போது குறைகிறது. இடப்பக்கம் வளைந்தால் எடை வலப்பக்கச் சக்கரத்தில் சாயும். ஆகவே கோளாறு முன் வலச்சக்கரத்தில்.

இதைச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு “உம்” கூட இல்லை.

நாற்பத்தொரு வயதில் கார் ஓட்டப் பழகினேன். அப்போதும் இப்படித்தான் வெளியே பார்த்தார்.

ஜூலை 9, செவ்வாய்

நாச்சிமுத்துவின் பட்டறைக்குப் போனோம். அவர் ரயில்வே காலனி ஆட்களின் கார்களையெல்லாம் பத்து வருடமாகப் பார்க்கிறவர். வேகம், வளைவு, சத்தம் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போன தாளைப் பார்த்து நான் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு எனக்குப் பின்னால் நின்ற இவரைப் பார்த்தார்.

“வீல் பேரிங்காட்டத்தான் தெரியுது. எந்தப் பக்கமுங்கண்ணா?”

இவர் நாச்சிமுத்துவின் முகத்தையே பார்த்தார். “என்ன?”

“எந்தப் பக்கமுங்க? லெப்டா, ரைட்டா?”

“லெப்ட்.”

“வலப்பக்கம்தானுங்க” என்றேன் நான்.

நாச்சிமுத்து சிரித்தார். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் அறுவது வேகன இழுத்துட்டுப் போறப்பவே எந்தச் சக்கரம் அழுவுதுன்னு சொல்றவரு. அவரு லெப்டுன்னா லெப்டுதான். பொம்பளைங்க காதுக்கு எல்லாச் சத்தமும் கேக்கும், எங்கிருந்து வருதுன்னுதான் தெரியாது.”

பட்டறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், ஒரு நொடி கழித்து.

இப்போது எழுதும்போதுதான் உறுத்துகிறது. நேற்றுவரை என்ன சத்தம் என்று கேட்டவர், இன்று எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் சொல்கிறார். கேட்கவில்லை என்றால் பக்கம் எப்படித் தெரியும்? கேட்டது என்றால் ஏழு நாளாக ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

ஜூலை 13, சனி

அரை நாள் விடுப்பு எடுத்துப் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். “நீங்க எதுக்குங்க்கா வெய்யில்ல, வூட்டுக்குப் போங்க, முடிச்சுட்டுக் கூப்புடறேன்” என்று நாச்சிமுத்து இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை சொன்னதும் கண்டிப்பாகப் போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

இடப்பக்கம் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். நடுவிலிருக்கும் பெரிய நட்டு அசையவில்லை. ஸ்பானரின் பிடியில் நாலடி இரும்புக் குழாயை மாட்டி அதன்மேல் ஏறி நின்றார். ‘டங்’கென்று விட்டது. பிரேக் பாகத்தைக் கழற்றி, அதன் ரப்பர்க் குழாய் இழுபடாமல் இருக்கக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். பிறகு சக்கரத்தைத் தாங்குகிற அந்தக் கனமான இரும்பை மொத்தமாக எடுத்துப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார். முதலில் சக்கரம் மாட்டுகிற ஹப் கழன்றது, பிறகு பேரிங். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. புதிய பேரிங்கின் அட்டைப்பெட்டியை என் கண்முன்னால் பிரித்தார். அதையும் குறித்துக்கொள்கிறேன். புதிய ஹப்பும் போட்டார்.

பழையதைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார். கழற்றிய பொருளைக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய்போலச் சுற்றியது.

“இதுல என்னங்க கெட்டுப்போயிருக்குது?”

“கையில சுத்துனா தெரியாதுங்க்கா. எடை ஏறுனாத்தான் தெரியும்.”

மாலையில் மூவருமாக ஓட்டிப் பார்த்தோம். இவர் ஓட்டினார், நாச்சிமுத்து பக்கத்தில், நான் பின்னால். கார்க் கண்ணாடிகளையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். லாரிச் சத்தம், ஹாரன் சத்தம். அதற்குள்ளும் எனக்கு அந்த ரீங்காரம் கேட்டது. அதே நாற்பத்து மூன்றில்.

“எப்படீங்கண்ணா?”

இவர் கட்டைவிரலை உயர்த்தினார். “போயிருச்சு. நல்லாப் பண்ணியிருக்கற.”

“போகல” என்றேன்.

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். இவர் திரும்பவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ? எதற்காக? நாச்சிமுத்துவை எதற்கு இவர் காப்பாற்ற வேண்டும்?

சத்தம் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். போய்விட்டது என்று அவர் சொன்னபோது முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. பொய் சொல்கிறவரின் முகம் அப்படி இருக்காது. அல்லது நன்றாகப் பழகியவரின் முகம் அப்படித்தான் இருக்கும்.

போன மாதம் “பஸ்ஸுலயே போலாமே, எதுக்குக் காரு?” என்றார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரில் சத்தம், அது எனக்கு மட்டும் கேட்கிறது, ஆகவே எனக்குத்தான் ஏதோ கோளாறு, ஆகவே நான் ஓட்ட வேண்டாம். இப்படி ஒரு கணக்கு இருக்குமோ?

அவியலுக்குத் தேங்காய் அரைத்தது போதவில்லை.

ஜூலை 17, புதன்

குக்கர் வைத்துவிட்டு மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். “மூணு விசில் வந்தா நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் சமையலறையிலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து எண்ணினேன். ஏழு. ஓடி வந்து அடுப்பை நிறுத்தினேன். பருப்பு கூழாகிவிட்டது. அவர் நிமிர்ந்து, “என்னாச்சு?” என்றார்.

வேண்டுமென்றே செய்கிற காரியம். நான் சொல்வது எதற்கும் மதிப்பில்லை என்று காட்டுவது.

இரவு இந்து பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். வழக்கம்போல எடுத்ததும், “இந்தா, அம்மாகிட்டப் பேசு” என்று என்னிடம் தள்ளிவிட்டார். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். வர்ணனை பிடிக்காதாம் இப்போதெல்லாம்.

“அப்பாவுக்கு எம்மேல கோவமாம்மா? எங்கிட்டப் பேசியே மூணு மாசமாச்சு” என்றாள் இந்து.

அவளுக்கும் தோன்றியிருக்கிறது என்றால் என் கற்பனை இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. அவர் குளிக்கும்போது அவருடைய போன் மேசைமேல் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. திரையில் வந்ததைப் படித்தேன், அவ்வளவுதான்.

‘சார் நாளைக்கும் நானே வாரேன். கேட்டு வாங்கிட்டேன். யாருக்கும் தெரியாது, பயப்படாதீங்க. ஸ்டெல்லா.’

ஸ்டெல்லா அவருடன் இஞ்சினில் போகிற உதவி ஓட்டுநர். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதிருக்கும். கணவர் பார்சல் ஆபீசில் வேலை செய்கிறார். ஒருமுறை கேக் கொண்டுவந்து கொடுத்தாள். உதவியாளர்கள் மாறி மாறித்தான் வருவார்கள். யோசித்துப் பார்த்தால் ஒரு வருடத்துக்கும் மேலாக இவருடன் வேறு யாரும் போனதாக ஞாபகம் இல்லை.

நான் அப்படிப்பட்ட சந்தேகம் கொள்கிற பெண் இல்லை.

என்ன தெரியாது? யாருக்குத் தெரியாது?

ஜூலை 24, புதன்

சத்தம் முற்றிவிட்டது. கொசு போய், அரிசி போடாத கிரைண்டர் ஓடுகிறது. வேதியியல் துறை கற்பகம் மேடம் இன்று என்னுடன் வந்தார். கவுந்தப்பாடி தாண்டவில்லை, “சாரதாமணி, இதென்னங்க முன்னாடி இப்படி உறுமுது? எறங்கிறட்டுமா?” என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

மாலையில் நேராகப் பட்டறைக்குப் போனேன், தனியாக. நாச்சிமுத்துவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணாடிகளை மூடி, ஏ.சி.யை நிறுத்தி, பைபாஸில் நானே ஓட்டினேன். இடப்பக்க வளைவு வந்ததும், “இப்பக் கேளுங்க” என்றேன். அவர் குனிந்து கேட்டார். அடுத்த வளைவிலும் கேட்டார். பட்டறைக்கு வந்து வலப்பக்கத்தைத் தூக்கி, சுருள்வில்லில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். உள்ளே மணல் அரைவதுபோல் கையில் ஏறியது.

“ரைட்டுதானுங்க்கா.” அவர் முகம் தொங்கிவிட்டது. “அன்னைக்கே தூக்கிப் பாத்திருக்கோணும். அண்ணன் சொன்னாருன்னு பாக்காமயே பிரிச்சுட்டனுங்க. அவரு சொல்லியும் நான் தூக்கிப் பாத்தா, அது அவரச் சந்தேகப்படறாப்பல ஆயிருமில்லீங்க?”

“ஓட்டிப் பாத்தப்பவாவது கேக்கலீங்களா?”

“லேசாக் கேட்டாப்பலதான் இருந்துச்சு. அண்ணன் போயிருச்சுன்னாரு. சரி, நம்ம காதுதான் சரியில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.” சக்கரத்தை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். “அவருக்கு எப்படித் தப்புச்சுன்னுதானுங்க்கா தெரியல.”

பேரிங்கும் ஹப்பும் கோவையிலிருந்து வர வேண்டுமாம். அதுவரை வண்டியை வேகமாக ஓட்டக்கூடாது; தூரமும் போகக்கூடாது.

ஆக, நாச்சிமுத்து பொய் சொல்லவில்லை. ஒரு பெயரை அடித்துவிட்டேன். இன்னொன்று மிச்சம்.

ஜூலை 28, ஞாயிறு

சோதனை என்று சொன்னால் அசிங்கமாக இருக்கிறது. விளையாட்டாகத்தான் தொடங்கினேன்.

மருந்து வாங்கப் பெருந்துறை ரோட்டில் மெதுவாகப் போனோம். அவர் ஓட்டினார். முதல் சிக்னல் பச்சை. நான் நேராகப் பார்த்துக்கொண்டு, வழக்கமான குரலில், “சிவப்பு” என்றேன்.

“பச்சை” என்று கையை நீட்டினார். போய்விட்டார்.

திட்டவில்லை. வண்டியை நிறுத்தவில்லை.

இரண்டாவது சிக்னல் மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது. “நாச்சிமுத்து” என்றேன். “மஞ்சள்” என்றார்.

மூன்றாவதில் நான் வாயைத் திறக்கவே இல்லை. அவர் ஓரக்கண்ணால் என் உதடுகளைப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். “என்ன, சொல்ல மாட்டேங்கற?” என்றார்.

“சிவப்பு” என்றேன், அவர் பக்கம் திரும்பி.

“சிவப்பு” என்று சொல்லி நிறுத்தினார்.

கவனக்குறைவாக இருக்கலாம். டியூட்டி முடிந்து வந்த அசதியாக இருக்கலாம். மூன்று அளவீடுகள் ஒத்துப்போனால் மாணவிகளிடம் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

அவர் நாளை காலை ஆறு மணிக்கு நிலக்கரி வண்டியை எடுக்கிறார். ஐம்பத்தெட்டு வேகன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஸ்டெல்லாவைப் பார்க்கப் போனேன். பத்து நாளாக மனதுக்குள் பேசிப் பழகிய வார்த்தைகள் எல்லாம் என்னிடம் தயாராக இருந்தன. அவள் கதவைத் திறந்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஐந்து மாத வயிறு.

“வாங்கக்கா. நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும்.” உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். “சார் சொல்லிட்டாங்களா?”

“எதை?”

அவள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்காமல் நின்றாள்.

“அவருக்குக் காது கேக்கல. எவ்வளவு நாளா?” என்றேன். அந்த வாக்கியத்தை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். என் காதுக்கே யாரோ சொன்னதுபோல் இருந்தது.

“எனக்குத் தெரிஞ்சு ஒண்ணரை வருஷம்கா. மொதல்ல வாக்கிடாக்கில பின்பெட்டிக் கார்டு பேசுறது கேக்கல. நான் தோளைத் தட்டுவேன். பெறகு நான் பேசுறதும் கேக்கல. இப்ப எழுதிக் காட்டுதேன். கண்ணு மட்டும் கழுகுக் கண்ணுக்கா. ஒரு சிக்னல் தப்பாது. ஆனா கண்ணு பாக்காததும் இருக்குல்லா?”

“ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?”

“நான் என்னக்கா செய்ய? வேலைக்குச் சேந்தப்ப, ‘பொம்பளப் புள்ளய எதுக்கு எங்கூட அனுப்புதீங்க’ன்னு ஆளாளுக்குச் சொன்னப்ப, இவங்கதான், ‘ஏறு, பாத்துக்கலாம்’ன்னாங்க. மூணு தடவ சண்ட போட்டுட்டேன். ஒவ்வொரு தடவயும், ‘வர்ற மெடிக்கல் செக்கப்புல சொல்லிர்றேன்’ங்காங்க.” அவள் குரல் இறங்கியது. “போன மாசம் லைன்ல நாலு பேரு வேலை செஞ்சிட்டிருந்தாங்க. வளைவு. கண்ணுக்குத் தெரியல. வாக்கிடாக்கில கத்துதாங்க, ‘நிறுத்து, நிறுத்து’ன்னு. சாரு பாட்டுக்கு ஓட்டுதாங்க. நான்தான் அவசர பிரேக்க இழுத்தேன். நின்ன எடத்துலருந்து அந்த ஆளுங்க மொகம் தெரிஞ்சிச்சு. மொகம்னா, மீசை வரைக்கும்.”

செம்பை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

“ஒம்பதாந்தேதியோட என்னை வண்டியிலருந்து எறக்கிருவாங்கக்கா, வயித்துக்காக. அதுக்குப் பெறகு வேற ஆளு வரும். அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. பதினாலாந்தேதி மெடிக்கல். அதுக்கு நடுவுல நாலு நாளு இருக்கு.”

வாசல்வரை வந்தாள். “நீங்க என்னமோ நெனச்சுத்தான் வந்தீங்க, என்னக்கா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். “நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்.”

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. பவானி ரோடு முழுக்கக் கூட்டம். ஆனாலும் நாச்சிமுத்து கடையைத் திறந்து வலப்பக்கத்தைப் பிரித்தார். கூலி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த நட்டு ஒரே அழுத்தில் விட்டது. ஹப்தான் வரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தியபோது துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். நான் துள்ளிவிட்டேன். பக்கத்தில் நின்ற இவர் என் துள்ளலைப் பார்த்துவிட்டுத்தான் பிரஸ் பக்கம் திரும்பினார்.

கழற்றிய பேரிங்கின் உள்வளையம் கருநீலமாக வெந்திருந்தது. விரலை விட்டுச் சுற்றினால் கரகரவென்று தடுக்கியது.

“இன்னொரு மாசம் விட்டிருந்தா சக்கரம் ஆடிப்போயிருக்குமுங்க்கா” என்ற நாச்சிமுத்து இவர் பக்கம் திரும்பினார். “என்னுங்கண்ணா, ரயிலுக்காரரு காது துருப்புடிச்சுப் போச்சா?”

நல்ல உரிமையோடு சொன்ன கேலி. இவர் வாய்நிறையச் சிரித்தார். “ஆமாமா, நல்லா இருக்குது” என்றார்.

நாச்சிமுத்துவின் சிரிப்பு நின்றது. இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து புதிய பேரிங்கைத் தேவையில்லாத அளவு துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டிக்கொண்டு வந்தேன். கார் சத்தமே இல்லாமல் ஓடியது. வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவர் முதுகைப் பார்த்து, “உங்களுக்குக் காது கேக்கல” என்றேன். அவர் இன்னொரு செருப்பையும் கழற்றினார். நான் சுற்றிப்போய் முன்னால் நின்று மறுபடி சொன்னேன்.

அவர் மறுக்கவில்லை. ஸ்டெல்லா சொன்னாளா என்றும் கேட்கவில்லை.

“பதினாலாந்தேதி மெடிக்கல்ல பாஸ் பண்ணீருவேன். போன தடவ பண்ணலியா?”

“அதுக்கு முன்னால நாலு நாள் வண்டி ஓட்டுவீங்களே?”

“லீவு கேட்டிருக்கறேன்.”

“குடுத்துட்டாங்களா?”

அவர் பார்வையை என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டார். பார்வையை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. எத்தனை சண்டைகள் இப்படி முடிந்திருக்கின்றன! எல்லாவற்றையும் திமிர் என்று எழுதி வைத்திருக்கிறேன், இதே நோட்டில்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

லீவு இல்லை என்றார்கள். ஆள் பற்றாக்குறை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஸ்டெல்லாவுக்கு இன்று கடைசி வண்டி. போய்ப் பத்திரமாக வந்துவிட்டார்கள். ‘சாரைப் பாத்துக்கிடுங்கக்கா’ என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

சாயங்காலம் அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். “ஒரு உதவி பண்ணு. டாக்டரு பின்னால நின்னு மெதுவாச் சொல்லுவாரு. நான் திருப்பிச் சொல்லோணும். நாலு நாள் பழகுனா வந்துரும்.”

எத்தனை அடி என்று கேட்டேன். இருபது. டேப் எடுத்து அளந்தேன். ஹாலின் சுவரிலிருந்து சமையலறை ஜன்னல்வரை இருபது அடி ஓர் அங்குலம். அவர் சுவரைப் பார்த்து, வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப்போலக் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னந்தலையில் நரை இவ்வளவு ஏறியிருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

“நாற்பத்தேழு” என்றேன் மெதுவாக.

அசையவில்லை. கொஞ்சம் குரலைக் கூட்டினேன். “நாற்பத்தேழு.”

“பதினெட்டு” என்றார். “சரியா?”

“இல்ல.”

அந்த ‘இல்ல’யும் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மறுபடி சுவரைப் பார்த்து நின்றார்.

எண்பத்தொன்று. முப்பது. அறுபத்தாறு. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் எண்ணைத் தெளிவாக, தயக்கமில்லாமல் சொன்னார். பட்டறையில் ‘லெப்ட்’ என்று சொன்ன அதே குரல். ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நான் தலையை இடவலமாக ஆட்டினேன்.

எட்டாவது முறை நான் எண் சொல்லவில்லை. அதே மெதுவான குரலில், “பயமா இருக்குதுங்களா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“அறுபத்திரண்டு” என்றார். “சரியா?”

திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். தலையை மேலும் கீழும் ஒரே ஒருமுறை ஆட்டியிருந்தால் போதும். ஆட்ட வேண்டும்போல்தான் இருந்தது. இந்த ஒரு மாதமாக, இருந்த சத்தத்தை இல்லை என்று சொல்கிறார்களே என்று யார் யார்மேலோ கோபப்பட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

தலையை இடவலமாக ஆட்டினேன்.

“ஒரு தடவ ஆமான்னு சொன்னா உனக்கு என்ன கொறஞ்சு போவுது?” என்று கத்தினார். கத்துவது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் எதிரில் போய், முகம் தெரிய உட்கார்ந்தேன்.

“இருபத்தாறு வருசம், சாரதா. ஒரு சிவப்பத் தாண்டுனதில்ல.”

“தெரியுமுங்க.”

“மேசையில ஒக்கார வெச்சுருவாங்க. பேப்பரு கட்டச் சொல்லுவாங்க. நேத்து வந்த பசங்க, ‘கொழந்தைவேலண்ணே, டீ சொல்லுங்க’ம்பானுங்க. அதும் எனக்குக் கேக்காது.”

“நாலு பேரு லைன்ல நின்னாங்களாமே.”

அவர் ரொம்ப நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்ததுபோல.

“ஒருத்தன் செவப்புத் துண்டு கட்டியிருந்தான்” என்றார் கடைசியில். “எறங்கிப் போயி மன்னிப்புக் கேட்டேன். அவன் என்னமோ சொன்னான். என்ன சொன்னான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது.”

ஆகஸ்ட் 10, சனி

சாப்பிட்டார். சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார். டியூட்டிச் சட்டை.

நான் இவர் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதி, நான்காக மடித்து, இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. வண்டி ஏற அவர் செருப்பை மாட்டினால் கையெழுத்துப் போடுவேன். இதை எழுதி வைப்பது, பிறகு நான் மறந்துவிட்டதாக என்னிடமே சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலை பத்தே முக்காலுக்கு டியூட்டி அழைப்பு வந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்ததும் எடுத்து என்னிடம் நீட்டினார். இதுவரை டியூட்டி அழைப்பை என்னிடம் கொடுத்ததில்லை. இவ்வளவு நாளாக எப்படிச் சமாளித்தார் என்று அப்போதுதான் தோன்றியது. அவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: வண்டி எண், நேரம். ‘சரி’ என்று சொல்லி வைத்துவிட்டு, ஸ்டெல்லாவின் செய்திக்காகக் காத்திருந்திருப்பார்.

“குழந்தைவேல் சார், ஒண்ணேகாலுக்கு வண்டி. புது அசிஸ்டென்ட் வர்றாரு” என்றது ஓர் ஆண்குரல்.

நான் ஸ்பீக்கரைப் போட்டு, போனை உள்ளங்கையில் வைத்து அவர் வாயருகே பிடித்தேன். உதட்டசைவில், “ஒண்ணேகால்” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“நான் கொழந்தைவேல் பேசறேன்” என்றார். குரல் உடைந்து, கீழே போய்விட்டது. “எனக்குக் காது கேக்கறதில்லீங்க. ரொம்ப நாளாவே கேக்கறதில்ல. வண்டிக்கு வேற ஆளப் போடுங்க.”

மறுமுனையில் இரைச்சல். யாரோ பக்கத்தில் சிரிக்கும் சத்தம். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அங்கே என்ன சொல்கிறார்கள் என்று.

“சார், இங்க ஒரே சத்தம், ஒண்ணும் காதுல விழல. மறுபடி ஒருதரம் சொல்லுங்க சார்.”

‘சரி என்று சொல்லிவிட்டார்கள்’ என்று நான் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் கண்ணுக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

“அவங்களுக்குக் கேக்கலியாம். மறுபடி சொல்லணுமாம்.”

அவர் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். போனை என் கையிலிருந்து வாங்கி, வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இந்த முறை தெருக்கோடிக்கே கேட்கும்படி சொன்னார்.